பாகைமானியரும் கப்டனின் முழங்கையும்

பாகைமானியர் என்னைக் கொல்லப் பார்த்தவர். இதை மெழுகி, மரியாதையாகச் சொல்ல எனக்கு வராது. ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், மூன்று நேரமும் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. அவர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இலங்கைத் தீவில் கோல்ஃப் விளையாட்டை அவரளவுக்கு விளங்கிக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. அவர் ஒரு பந்தையும் அடித்ததில்லை. ஒரு கோல்ஃப் தடியைக் கையால் தொட்டதும் இல்லை. சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கோல்ஃப் மைதானம் ஒன்று முட்கம்பிக்குப் பின்னால் இருந்தது. அதை பஸ் யன்னலால் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தடியால் அடித்துவிட்டு, அதன் பின்னாலேயே நடந்து போய் மறுபடியும் அடிப்பது. வேலையில்லாத பணக்காரன் செய்கிற காரியம். பாகைமானியருக்கு முன்னால் இதைச் சொன்னால் அன்றைக்கு நித்திரை இல்லை. அவருக்கு அது விளையாட்டே இல்லை. கோடும் கோணமுமான கேத்திரகணிதம்.

யுத்தக் காலம் அது. நான் துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் திருத்துகிறவன். அவர் ஒரு கப்பல் ஏஜன்சியில் கிளாக்கர், என்னைவிடப் பத்து வயது மூப்பு. உள்துறைமுகப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டில் ஒரே அறையில் இரண்டு பேரும் போர்டிங். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு அலுமாரி. அலுமாரியில் ஒரு தட்டு எனக்கு. மற்ற மூன்று தட்டும் கோல்ஃப் புத்தகங்களுக்கு.

மற்றக் கிளாக்கர்மார் சேட்டுப் பையில் பேனை வைத்திருப்பார்கள். இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் பாகைமானியை வைத்திருந்தார். பெயர் அப்படி வந்தது. அவருடைய சொந்தப் பெயரை ஒரு தடவை அடையாள அட்டையில் பார்த்தேன். வேறு யாருடைய அட்டையையோ எடுத்துக்கொண்டு திரிகிறார் என்று நினைத்தேன்.

கடதாசிகளோடு கப்பலுக்குள் போகிற கிளாக்கர்மார் திரும்பி வரும்போது கையில் ஏதாவது இருக்கும். பிஸ்கட் டின், நல்ல சவர்க்காரம், சுங்கக்காரருக்குத் தெரியாமல் ஒரு போத்தல். பாகைமானியர், கப்பல் அதிகாரிகள் படித்துவிட்டு எறிகிற கோல்ஃப் சஞ்சிகைகளைக் கேட்டு வாங்கி வருவார். ஒரு தடவை கோதுமைக் கப்பல் ஒன்றில் முப்பது சஞ்சிகை கிடைத்தது. அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினவர் கால் வழுக்கிக் கடலுக்குள் போனார். இழுத்தெடுக்கக் கை நீட்டினவர்களிடம் முதலில் புத்தகக் கட்டைத்தான் நீட்டினார். கட்டு கரைக்கு வந்த பிறகுதான் ஆள் வந்தார். அடுத்த மூன்று நாளும் எங்கள் அறையில் கயிறு கட்டி, சல்லிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கிற மாதிரி பக்கம் பக்கமாகக் காயவைத்தார். நான் குனிந்து குனிந்துதான் கட்டிலுக்குப் போனேன்.

அந்தச் சஞ்சிகைகளில் உலகத்துப் பெரிய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தடியை ஓங்கி அடித்து முடிக்கும் வரைக்கும் எட்டு, பத்துப் படம் வரிசையாகப் போடுவார்கள். பாகைமானியர் அந்தப் படங்களின் மேல் கோடு கீறுவார். முதுகெலும்புக்கு ஒரு கோடு, இடது கைக்கு ஒரு கோடு, தடிக்கு ஒரு கோடு. பிறகு பாகைமானியை வைத்து அளந்து, எல்லாவற்றையும் ஒரு நீல மட்டை சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். பக்கத்தில் குச்சி மனிதர்களைக் கீறுவார்.

ஆட்டக்காரரின் பெயரை மட்டும் எழுதமாட்டார். பெயரைப் பார்த்தால் மதிப்பு வந்துவிடுமாம், மதிப்பு வந்தால் பிழை தெரியாதாம். அதனால் அவரே பெயர் வைத்தார். நெட்டையன், சிவப்புத் தொப்பி, ஸ்பெயின்காரன். இவர்களைப் பற்றி எங்கள் தெருவில் இருக்கிறவர்களைப் போலக் கதைப்பார். நான் வேலையால் களைத்து வந்து சேட்டைக் கழற்றுவேன், அவர், "ஐசே, நெட்டையன் இந்த வருசம் இடுப்பை மாத்திப்போட்டான்" என்பார். நான் குளிக்கப் போய்விடுவேன்.

ஏன் நீங்கள் ஒரு நாளும் விளையாடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டொக்டர்மார் எல்லா வருத்தமும் தங்களுக்கு வந்து பாத்தே வைத்தியம் செய்யினம்?"

அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை.

விளையாடாவிட்டாலும், தடியை ஓங்கி உச்சியில் நிறுத்துகிற அந்த ஒரு நிலையை மட்டும் அறை கூட்டுகிற தும்புத்தடியால் செய்து பார்ப்பார். ஓங்கினால் இறக்கமாட்டார். கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் அப்படியே சிலை மாதிரி நிற்பார். ஒரு நாள் நான் கட்டிலில் குப்புறக் கிடக்கிறேன், இவர் எனக்கு மேலாகத் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், போர்டிங் அக்கா தேத்தண்ணியோடு உள்ளே வருகிறா. தேத்தண்ணியை வைத்துவிட்டு, அந்தத் தம்பி என்ன செய்திருந்தாலும் இந்த ஒரு தடவை மன்னித்துவிடச் சொல்லி அவரைக் கேட்டுக்கொண்டா.

அவருடைய கண்ணுக்கு உலகத்தில் ஓங்குகிறவன், வீசுகிறவன், வெட்டுகிறவன் எல்லோரும் கோல்ஃப்காரர்தான். சல்லிக் கடற்கரையில் வீச்சுவலை போட்டுக்கொண்டு நின்ற ஒருவரிடம் போய், தோள் திரும்புகிறதுக்கு முதல் இடுப்புத் திரும்பவேணும் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, மீன் என்ர இடுப்பைப் பாத்தே வருது?" என்று கேட்டுவிட்டு வலையை வீசினார். பாகைமானியர் வழி முழுக்க அந்த இடுப்பை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க ஏலாத நேரத்திலும் ஆள் இப்படித்தான். ஒரு நாள் காலை ராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்திவிட்டார்கள். ஜீப்புக்குள், ஆட்களைக் காட்டிக்கொடுக்க, முகத்தை மூடின தலையாட்டி இருக்கிறான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவனுடைய தலை ஆடினால் அந்த ஆளின் கதை முடிந்தது. பாகைமானியர் என் தோளில் இடித்தார். அங்கே ஒரு சிப்பாய் பொழுது போகாமல் பொல்லால் கல்லுகளைத் தட்டி அடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தனீரே, பாரம் முழுக்க வலக்காலில. அதுதான் கல்லு எழும்புதில்லை. ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வரட்டோ?"

அவருடைய சேட்டை இரண்டு கையாலும் பிடித்து இருத்தி வைத்தேன். தலையாட்டிக்கு முன்னால் போகும்வரைக்கும் விடவில்லை. அன்று இரண்டு பேரும் தப்பினோம். சேட்டுக் கிழிந்ததற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இனி, அவர் என்னைக் கொல்லப் பார்த்த கதை.

என்னிடமும் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. வின்ச்சுகளின் அளவுகள் எழுதி வைத்திருப்பேன். அதே கடை, அதே நீல மட்டை. என்னுடையதைத் தொடாதீர்கள், ஒரே மேசையில் வைக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே. ஒரு நாள் விடிய, புல்மோட்டையில் ஒரு வின்ச் பழுது என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்த கொப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வடக்கே போகிற வீதியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். பையைத் திறந்து காட்டினேன். சிப்பாய் கொப்பியை எடுத்து விரித்தான். அதற்குள் என் வின்ச் இல்லை. நீளமான ஒன்றை ஓங்கிப் பிடித்த குச்சி மனிதர்கள். கோணங்கள். அம்புக்குறிகள். பக்கத்தின் மறு மூலையில் ஒரு சின்னக் கொடி, அதற்கு நேராகப் புள்ளிக் கோடு. அவன் மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

முகாமில் தமிழ் வாசிக்க ஒரு கோப்ரலைக் கொண்டுவந்தார்கள். கந்தளாய்ச் சிங்களவர். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். நான் அந்தக் கொப்பியில் என்ன இருக்கிறது என்று முதல்தடவை அறிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

நெட்டையன், நாற்பத்தேழு பாகை, இருநூற்று அறுபது யார் தூரம், காற்று இடமிருந்து, தப்பவில்லை. சிவப்புத் தொப்பி, தூரத்தில் நல்லவன், கிட்டப் போனால் கை நடுங்கும். ஸ்பெயின்காரன், மணல் குழிக்குள் இருந்தும் குறி தப்பாமல் அடிப்பான், மூன்று பேரிலும் ஆபத்தானவன் இவன்தான்.

வாசித்து முடிந்தது. கோப்ரல் என்னைப் பார்த்தார்.

"இந்த நெட்டையன் இப்ப எங்க?"

"அமெரிக்காவில."

பின்பக்கமிருந்து ஒரு அறை விழுந்தது. சிவப்புத் தொப்பி எங்கே என்று கேட்டார். அவர் அவுஸ்திரேலியா என்றேன். இன்னொன்று விழுந்தது. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல விஷயம் நாடு நாடாகப் பெருத்துக்கொண்டு போனது. கடைசியில், இது கோல்ஃப், என் அறையில் இருக்கிற ஒரு விசரன் எழுதுகிறது என்றேன். கோப்ரல் யோசித்தார். நல்ல மனிதர், என்னை நம்பத்தான் பார்த்தார். அப்படியென்றால் ஒரு கோல்ஃப் மைதானத்தில் எத்தனை குழி இருக்கும் என்று கேட்டார்.

நான்கு வருடம் அந்த மனிதரோடு ஒரே அறையில் படுத்தெழும்பியிருக்கிறேன். விடிந்தால் கோல்ஃப், பொழுதுபட்டால் கோல்ஃப். யார் எந்த நாடு என்பதைத் தவிர ஒரு சொல்லைக்கூட நான் காதில் வாங்கியதில்லை.

"ஒண்டு" என்றேன்.

கோப்ரல் கொப்பியை மூடினார். என் கையைப் பின்னால் கட்டி ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். முகாமுக்குப் பொறுப்பான கப்டன் வெளியே போயிருக்கிறாராம், நாளைக்கு வந்து முடிவு சொல்வாராம். அந்த நாட்களில் உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத நான் விரும்பவில்லை. அன்று முழுக்க நான் பாகைமானியரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் முடிந்து, துறைமுகத்தில் கேட்ட வேற்று மொழி வார்த்தைகளுக்கும் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வந்த யாரோ போர்டிங் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு முகாம் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தேன். சைக்கிளில் பாகைமானியர். கப்பலுக்குப் போகிற நாளில் கட்டுகிற கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கரியரில் ஒரு உரப்பை. துவக்கை நீட்டினார்கள், இரண்டு கையையும் தூக்கினார். சைக்கிள் விழுந்தது.

அவரைத் தேடி ஒருவரும் போகவில்லை. பெயரும் நான் சொல்லியிருக்கவில்லை. தானாக வந்தார். கப்டனுக்கு முன்னால் நிறுத்தியதும் அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கோப்ரல் பிறகு எனக்குச் சொன்னார்: கொப்பி என்னுடையது. அவன் வெறும் மெக்கானிக். அதில் ஒரு வரியை விளங்கிக்கொள்ளக்கூட அவனுக்கு மூளை காணாது.

என்னைக் காப்பாற்றினதும் அந்த வாய்தான், அவமானப்படுத்தினதும் அதே வாய்தான்.

கப்டன் சின்ன வயது. மேலிடத்துப் பெரியவருக்குக் கோல்ஃப் பிடிக்குமாம், அதனால் கீழே இருக்கிறவர்களும் பழகவேண்டியிருந்ததாம். அறை மூலையில் ஒரு கோல்ஃப் தடியும் ஒரு வாளிப் பந்தும் இருந்தன. பாகைமானியர் உரப்பையிலிருந்து சஞ்சிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். நெட்டையனின் படம், அதன் மேல் கோடு, கொப்பியில் அதே கோடு. கப்டன் பார்த்தார். சந்தேகம் போகவில்லை. புத்தகம் யாரும் சுமக்கலாம், அடித்துக் காட்டு என்று தடியை நீட்டினார்.

"நான் அடிக்கிறேல்லை" என்றார் பாகைமானியர். தமிழில் சொன்னார், பயத்தில் ஆங்கிலம் போய்விட்டது.

முகாம் வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என்னையும் வாங்கோடு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் தடியைப் பிடித்தார். உச்சிவரைக்கும் ஓங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. சிப்பாய்களே வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பிறகு இறக்கினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி ஓங்கினார், மறுபடி இருந்தது. மூன்றாவது தடவை தடி கையைவிட்டுப் பறந்து போய்த் தண்ணீர்ப் பீப்பாவில் மோதியது. பந்து அசையவில்லை.

கப்டனின் முகம் கறுத்தது. நான் கண்ணை மூடினேன்.

பாகைமானியர் போய்த் தடியை எடுத்துத் துடைத்து, கொண்டுவந்து கப்டனிடம் நீட்டினார். சேர் இப்போது அடியுங்கள், நான் பார்க்கவேண்டும் என்றார். யார் யாருக்குக் கட்டளை போடுவது என்று தெரியாத மனிதன். என்ன நினைத்தாரோ, கப்டன் அடித்தார். பந்து நேரே எழும்பி, நடுவழியில் மனம் மாறி, வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் போனது. மறுபடி அடித்தார், அதே பற்றை.

பாகைமானியருக்குப் பயம் பறந்துவிட்டது. அந்தக் கணத்தை நான் கண்ணால் பார்த்தேன். சேட்டுப் பையிலிருந்து பாகைமானியை எடுத்து, கப்டனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். சேருடைய பந்து எப்போதும் வலப்பக்கம்தான் போகும், ஓங்கும்போது வலது முழங்கை உடம்பைவிட்டுப் பறக்கிறது என்றார். கேட்காமல், முகம் துடைக்கிற தன் கைலேஞ்சியை மடித்துக் கப்டனின் வலது கைக்கு அடியில், கமக்கட்டுக்குள் செருகினார். சுற்றி நின்ற நான்கு துவக்கும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துத் திரும்பின.

"இது கீழ விழாமல் ஓங்குங்கோ, சேர்."

கோப்ரல் மொழிபெயர்த்தார். கப்டன் ஓங்கினார். அடித்தார். பந்து நேரே போனது. போய்க்கொண்டே இருந்தது. இன்னொன்று, அதுவும் நேரே. வாளி முடியும்வரைக்கும் அடித்தார். என் உயிர் அந்தக் கைலேஞ்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு தடவையும் விழவில்லை.

வாளி முடிந்ததும் கப்டன் சிரித்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். கோப்ரல் வந்து கட்டை அவிழ்த்தார்.

"போங்க அண்ணே. பதினெட்டுக் குழி. இனியாவது ஞாபகம் வையுங்க."

பாகைமானியரின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். அவர் அசையவில்லை. கொப்பி முகாமிலேயே இருக்கட்டும் என்று கப்டன் சொல்லிவிட்டாராம். பாகைமானியர், ஏலாது என்றார். ஒரு கப்டனிடம், அவருடைய முகாமுக்குள், ஏலாது. நான் அவருடைய காதுக்குள், அண்ணை, உங்கட காலைப் பிடிக்கிறன், வாங்கோ என்றேன். கடைசியில் கப்டனே ஒரு வழி சொன்னார். முழங்கைப் பக்கத்தை மட்டும் கோப்ரல் சிங்களத்தில் எழுதி எடுக்கட்டும், கொப்பியைக் கொண்டுபோகட்டும். விடுதலையான பிறகு நான் அந்த வாங்கில் இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். பாகைமானியர் சொல்லிக்கொண்டே போனார், கோப்ரல் எழுதிக்கொண்டே போனார். முழங்கால் பற்றியும் இருக்கு, எழுதுறீங்களோ என்று பாகைமானியர் கேட்டார். நான் எழும்பிப் போய் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீதிக்கு வந்ததும் ஒரு பூவரச மரத்துக்குக் கீழே குந்தியிருந்து மூச்சு விட்டேன். அப்படி ஒரு மூச்சை அதற்கு முதலும் விட்டதில்லை, பிறகும் விட்டதில்லை. காற்று, கடல் மணம், ஒரு நாய், எல்லாம் புதிதாக இருந்தது. அவர் சைக்கிளின் ஹாண்டிலை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் உரப்பையைக் கரியரில் கட்டத் தூக்கினேன். கட்டு அவிழ்ந்து சாமான் வெளியே வந்தது.

சஞ்சிகைகளுக்கு அடியில், வீட்டில் உடுக்கிற ஒரு சாரம். ஒரு துவாய். பாதி தேய்ந்த சவர்க்காரம். பல்லு விளக்குகிற பிரஷ். அவருக்கு மூச்சிழுக்கிற தொய்வு வருத்தம் இருந்தது. அதற்குப் போடுகிற குளிசை மருந்தில் ஒரு மாதத்துக்குக் காணக்கூடிய அளவு, கடதாசியில் சுற்றி.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதெல்லாம் என்னத்துக்கு அண்ணை என்று கேட்டேன். அவர் பையை வாங்கிக் கட்டினார். "நடக்கேக்க உமக்கு இடது தோள் விழுது, ஐசே" என்றார்.

அந்த வருடக் கடைசியில் அவர் தன் சகோதரியோடு வெளிநாடு போனார். இப்போது அங்கே நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் கோல்ஃப் போகிறதாம். தொலைபேசியில் எடுப்பார். நான் அந்த உரப்பையைப் பற்றிக் கேட்பேன். அவர் புதிதாக வந்த ஒரு பெடியனின் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். இத்தனை வருடமாக இதே கதை. எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

ஆகவே, பாகைமானியரே, இனி என் காதுக்குள் சொல்ல வேண்டாம். இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, எல்லோரும் வாசிக்க எழுதுங்கள். அந்தச் சாரத்தையும் குளிசையையும் கட்டிக்கொண்டு அன்று நீங்கள் சைக்கிள் மிதித்து வந்தது, என்னை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் உள்ளே இருக்கத்தானே?

ஓம் என்று ஒரு சொல் போதும்.